உடைமைக் கணக்கு

கான்சல் டன்லீவி செத்து மூன்றாம் நாள்
லெ ஆவ்ர் துறைமுகத்து மாடியறையில்
அவர் சாமான்களுக்கு விலை போடுகிறேன்.
குமாஸ்தாவின் வேலை அது, சட்டப்படி.

சேணப்பை ஒன்று. தோல் வெடித்தது. இரண்டு பிராங்க்.
அதற்குள் சட்டப் புத்தகம், பாதி மட்டும்.
எல்லைப்புறத்தில் ஒரு பனிக்காலம்
மீதியை அடுப்புக்குக் கிழித்தாராம்.
"கொலை வரைக்கும் படித்திருக்கிறேன், ஆன்செல்ம்.
கடன் பற்றிய பக்கங்களில்தான் கஞ்சி வெந்தது."

அங்கே நீதிமன்றம் ஒரு மரத்தடி.
ஜூரிகள் பன்னிரண்டு, நிதானத்தில் இருந்தவர் நான்கு.
குதிரை திருடியவனுக்கு வாதாடி ஜெயித்தார்.
கூலிக்குக் காசில்லை அவனிடம்;
குதிரையைக் கொடுத்தான்.
அதில் ஏறித்தான் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார்,
பறிகொடுத்தவன் வாசலிலும்.
"அவனும் எனக்கே போட்டான்" என்று சிரிப்பார்.
சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

இரண்டு முறை வென்றார். மூன்றாவதில் மண்.
தோற்றவருக்கு ஆறுதலாகக் கடல்தாண்டி ஒரு நாற்காலி.
பிரெஞ்சில் அவருக்கு வந்தவை மூன்று சொல்:
ரொட்டி, நாளை, மழை.
எங்கள் ஊருக்குப் பெரும்பாலும் அது போதும்.

மற்றதற்கு நான்.

அல்சாஸிலிருந்து வண்டி வண்டியாக வருவார்கள்,
கட்டிலைப் பிரித்துக் கட்டிக்கொண்டு,
தொட்டிலில் விதைக்கிழங்கு.
(என் அம்மா கொல்மார்க்காரி; அந்தப் பேச்சு எனக்கு வரும்.)
படியேறித் தொப்பியைக் கழற்றிக் கேட்பது ஒன்றுதான்:
நிலம் இருக்கிறதா, ஐயா?
இருக்கிறது என்பார். இருக்கிறது என்பேன்.

போன பிப்ரவரியில், ஜன்னலில் ஆலங்கட்டி அறைந்த ஒரு காலை,
ஓடீல் ஷ்னேபெலன் என்று ஒருத்தி, ஆறு பிள்ளைகளோடு.
அவளும் அதையே கேட்டாள்.
அவர் இழுப்பறையைத் திறந்தார்.
நிலம் அளக்கும் சங்கிலி, நூறு கண்ணி,
மேசைமேல் கொட்டிவிட்டுச் சொன்னார்:
"இருக்கிறது. அதில் ஆட்களும் இருந்தார்கள்.
ஆற்றோரம் அவர்கள் சோளம் முற்றி நின்றது.
தலைவன் என் பேனாவைத் தொட்டான்.
அவன் கீறலுக்குப் பக்கத்தில்
சாட்சி என்று என் பெயர்.
அறுப்புக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும்
என்று எழுதியதும் நான்தான்.
அதையும் சொல்."

அவள் என் வாயைப் பார்த்தாள்.
கீழே கப்பலில் இரண்டாம் மணி.
கடைசிப் பையன் கண்ணிகளை எண்ணத் தொடங்கியிருந்தான்.

"இருக்கிறது என்கிறார்" என்றேன்.

அவள் அவர் கையை முத்தமிட்டாள்.
அவர் என்னைப் பார்த்தார். பாஷை தெரியாதவர்தான்,
ஆனால் நாற்பது வருஷம் சாட்சிகளைப் பார்த்தவர்;
வாக்கியம் குட்டையானது தெரியாமலா போகும்?
"மழை" என்றார், பிரெஞ்சில்.
அதோடு சரி.

சங்கிலி ஒன்று. துருவேறியது.
பழைய இரும்பு, எடைக்கு என்று எழுதி
அடித்துவிட்டேன்.
புது கான்சல் வர ஆறு வாரமாகும்.
தெருவில் ஒரு வண்டி நிற்கிறது.
படியில் மரச்செருப்புகளின் சத்தம், நாலைந்து பேர்,
ஒரு குழந்தை இருமுகிறது.
கதவுக்கு அப்பால் யாரோ
தொப்பியைக் கழற்றுகிறார்கள்.