நியூட்ரல்

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் நகர்வதற்குள்
பாதி நோய் தெரிந்துவிட்டது:
நியூட்ரலில் உறுமல்,
கிளட்சை மிதித்தால் அடங்குகிறது,
விட்டால் மறுபடி
ஈர நெல் மாட்டிய மில் மாதிரி.

"எந்தப் பல்?" என்றார் மெஹருன்னிஸா.
பல் டாக்டர். அறுபத்துநாலாம் வருஷத்து ஃபியட்.
அவருக்கு எல்லாமே பல்தான்.

வெண்ணாற்றுப் பாலம் தாண்டி
ஒன்றில் முனகல், இரண்டில் முனகல், மூன்றில் இன்னும் மோசம்.
நாலில் போட்டேன்.
சட்டென்று தவளைச் சத்தம் கேட்டது, வயல் முழுக்க.
"பல் இல்லை டாக்டர்.
நாலில் சுமை நேரே போய்விடும்,
லே ஷாஃப்ட் சும்மா சுற்றும்.
வலி அதன் பேரிங்கில்."

பெட்டியை இறக்கினேன்.
ஆயிலில் கெண்டைச் செதிலாய் இரும்புத் தூள்.
ஊசி ரோலர்களை டிபன் மூடியில் கொட்டி எண்ணினேன்.
முன்பக்கம் இருபத்துமூன்று.
பின்பக்கம் இருபத்திரண்டு.
இன்னொரு முறை. இருபத்திரண்டு.
கிரீஸ் துணி, தரை, என் சட்டை மடிப்பு,
எங்கும் உடைந்த துண்டுகூட இல்லை.
ஆக, போட்டவனே ஒன்று குறைத்திருக்கிறான்.

எந்த மடையன் என்று மூடியைத் திருப்பினால்
கேஸ்கட்டுக்குப் பதில்
வெட்டி ஒட்டிய கல்யாணப் பத்திரிகை.
ஆயில் குடித்த தங்க எழுத்து:
திருநிறைச்செல்வன் குழந்தை
வேலு இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் ஓட்டை.

பதினோரு வருஷம். அப்போது வண்டி வேறு ஒருவருடையது.
மிஞ்சிய பத்திரிகை
ஒரு கட்டு இன்னும் பரணில் இருக்கிறது.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.
"யார் செய்த தப்பாம்?"
"ரயில் போகுது டாக்டர், கேட்கலை" என்று வைத்துவிட்டு
புது ஊசிகளைக் கிரீஸில் ஒட்டினேன்,
ஒவ்வொன்றாக,
வாய்விட்டு எண்ணி.