மூடியின் கடைசி எழுத்து

ரெட்டிச்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது
மளிகைக்கடைக் குளிர்பெட்டியை இழுத்து
ஒரு ‘தளுக்’ எடுத்தேன்.
எல்லோரும் விலை பார்ப்பார்கள்.
நான் மூடியின் விளிம்பைப் பார்ப்பேன்.
பதினாறு வருஷப் பழக்கம்.

முதலில் அதற்கு மூடியே கிடையாது.
ஒசான் அருளப்பன் புதுச்சேரியில்
ஆஸ்பத்திரிச் சமையல்காரர்.
பல் பிடுங்கியவர்களுக்கும்
தொண்டையில் கத்தி பட்டவர்களுக்கும்
பால், முட்டை, கருக்கின சர்க்கரை சேர்த்து
சின்னக் கிண்ணத்தில் அவித்துக் கொடுப்பார்.
குணமாகிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்,
நோயில்லாமல்,
தூக்குவாளியோடு.

பெயர் வைத்தது அவர் சம்சாரம் பிலோமி.
தட்டில் கவிழ்த்ததும்
ஒருதரம் இடுப்பை ஆட்டி நின்றதாம் அது.
“பாரேன், தளுக்குக்காரி.”
அச்சுக்கு எழுத்தெண்ணிக் காசு கேட்டான் அச்சகத்தான்.
கடைசி ‘கு’வை விட்டுவிட்டார்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகர ஷெட்.
கொதிகலன் ஒன்று, குளிர் அறை ஒன்று,
பெண்கள் ஏழு பேர்.
எனக்குத் தேதி குத்துகிற வேலை.
எதுவரை தின்னலாம் என்று
ஊதா மையில் உலகத்துக்குச் சொல்பவள் நான்.
தேதிக்குப் பின்னால் ஓர் எழுத்து,
தப்பு வந்தால் ஆளைப் பிடிக்க.
மரியம் பீ என்றால் எம்.
விருத்தாம்பாள் என்றால் வி.

ஒரு நோன்பு மாதம்
மரியம் பீ வீட்டிலிருந்து கடற்பாசி கொண்டுவந்தாள்.
முதலாளி ஒரு கரண்டி வாயில் வைத்து
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
அடுத்த மாதமே முட்டைக்காரரின் சைக்கிள் நின்றது,
மூடியில் பழுப்புப் புள்ளி போய்ப் பச்சைப் புள்ளி வந்தது,
முட்டை சேராத தெருக்களுக்குள்ளும்
தளுக் இடுப்பாட்டிப் போனாள்.
மரியம் பீக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.
அது பத்து நிமிஷம் பிந்தி ஓடும்.

பிறகு தானே.
விடிகாலையில் கூரைத் தகடு
நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய் விழுந்தது.
கரண்ட் இல்லை. நாளைக்கு என்றார்கள்.
டீசல் இரண்டு நாள் தாங்கியது.
மூன்றாம் நாள் குளிர் அறையைத் திறந்தோம்.
பதினோராயிரம் டப்பா,
எல்லாவற்றிலும் என் கையால்
ஜனவரி பதினான்கு வரை நல்லது.
ஊதா மையில் நான் சொன்ன முதல் பொய்.

அன்றே வேனில் ஏற்றி
கடலூர்ப் பக்கம் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தவர்களுக்கு
இளகுமுன் கொடுத்துவிடச் சொன்னார் அருளப்பன்.
தண்ணீர் கேட்டார்கள்.
நாங்கள் புட்டிங் நீட்டினோம்.
வெட்கமாக இருந்தது.
ஒரு பிள்ளை மட்டும் நக்கி முடித்த டப்பாவைத்
திருப்பித் தந்து,
“இதுல தண்ணி குடுக்கா” என்றது.

கடன் அங்கிருந்துதான் ஏறியது.
மூன்று வருஷம் கழித்து
பம்பாயிலிருந்து சட்டைக்கை மடித்த மூன்று பேர்
சுவைத்தார்கள், குறித்துக்கொண்டார்கள், வாங்கினார்கள்.
பெயர், பக்குவம், இயந்திரம்.
ஷெட்டை வாங்கவில்லை.
எங்களையும்.

இப்போது முகவரி குஜராத்தில் ஓர் ஊர்,
வாயில் நுழையவில்லை.
பக்குவத்தில் எண்கள் மிகுதி.
மூடிக்கடியில் ஒட்டியிருந்த கரண்டியும் சட்டத்தோடு போயிற்று.
ஆனால் விளிம்பில்
தேதி, மாதம், வருஷம்,
பிறகு வி.

எதற்கென்று தெரியாமல்
அச்சுத் தகட்டோடு தூக்கிப் போயிருக்கிறார்கள்.
நாலைந்து டப்பா புரட்டினேன்.
எல்லாம் வி.
எம் எங்கேயும் இல்லை.

கடைப் பையனிடம் காட்டினேன்.
“தம்பி, இது நான்.”
அவன் எட்டிப் பார்த்துவிட்டு
“ஸ்பூன் வேணுமாக்கா? மரக்கட்டைதான்.
ரெண்டு ரூவா” என்றான்.

வேண்டாம் என்று
மூடியைக் கிழித்து இரண்டாய் மடித்து
அதாலேயே அள்ளினேன்.
ஷெட்டில் எல்லோரும் அப்படித்தான் தின்போம்.
சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.
பஸ் போய்விட்டது.