ஓரத்துப் புள்ளிகள்

ஓட்டம் எடுத்தவனுக்கு ஒரு கட்டம் உண்டு,
விக்கெட் எடுத்தவனுக்கும் உண்டு.
தடுத்தவனுக்கு
ஸ்கோர் புத்தகத்தில் இடமில்லை.

பாசையூர் றெக்சன்
கடைசி ஆளாய்த் துடுப்பெடுத்து
போன சூட்டோடு திரும்பி வருவான்.
ஆனால் பந்து கவர்ஸைப் பிளந்து
வடலிப் பக்கம் உருளும்போது
எதிரணி எண்ணத் தொடங்கிய நாலை
ரெண்டாய் முறித்துப் போடுவான்.
சப்பாத்தில்லாக் கால்.
பின்னால் எழும்பிய அரியாலைப் புழுதி
ஒருநாளும் அவனை எட்டியதில்லை.

நான் பென்சிலைச் சீவி
அவன் காத்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும்
ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

கொழும்புக் கம்பனி ஒன்று
சம்பளம் பேசிக் கூட்டிப்போனது,
மூத்த வீரர்கள் இளைத்தால் இறங்கி ஓட,
மற்ற நேரம் தண்ணிப் போத்தல் தூக்க.
இரண்டு பருவம்.
குருநாகலில், மழை நனைத்த எல்லைக் கயிறு
முழங்காலை வாங்கிக்கொண்டது.
பார்க்கப் போன என்னிடம்
"பந்து கயிறைத் தொடேல்லை" என்றான்,
அதுதான் முதல் வார்த்தை.

இப்போது ஐஸ் கம்பனியில் வேலை.
பலகையில் கட்டி வழுக்கினால்
தோள் தானாய்ச் சரியும்,
கால்தான் யோசிக்கும்.

போன ஞாயிறு மேசையடிக்கு வந்து
பழைய புத்தகத்தைப் புரட்டினான்.
"என்னடாப்பா, எறும்பு ஊர்ந்த மாதிரி?"
"மை சிந்தினது" என்றேன்.
பென்சிலுக்கு ஏது மை?
அதை அவன் கேட்கவில்லை.
சென் பற்றிக்ஸ் பெடியளோடு ஆடிய
அந்த ஒரு பக்கத்தில் விரல் வைத்து
மெல்ல எண்ணி முடித்து,
"இதில ஒண்டு குறையுது" என்றான்.