ஐம்பத்து மூன்று, நாலு பேருக்கு

குல்ஃபிக் குச்சிகள்.
தொண்ணூறடி சாலைக் கடைக்காரர்
வளைந்தது என்று கழித்துக் கொடுத்தவை.
பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு
ஐந்து கட்டு, உதிரி மூன்று.

தாராவி, இரண்டாவது மாடி, நான்காம் வகுப்பு.
மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் கேட்காது,
நிறுத்திவிட்டேன். வியர்வையோடு கணக்கு.

வட்டமாக உட்கார்ந்தார்கள்:
ஹசீனா, ஜெபஸ்டின், இசக்கிதேவி, பேச்சிமுத்து.
ஆளுக்கொரு கட்டு.
இதுவரை சண்டை இல்லை.

நடுவில் ஒரு கட்டு மீந்து கிடந்தது,
யாருடையது என்று தெரியாத செருப்பு மாதிரி.

பலகை என்றால் ஒரு நொடி வேலை:
மூன்றை இறக்கி ஒன்றின் பக்கத்தில் வைத்து
பதிமூன்று என்று சொல்லிவிடுவேன்.
எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.
எங்கிருந்து இறங்குகிறது என்று
நான் கேட்டதில்லை.

ஹசீனா ரப்பரில் விரல் வைத்தாள்.
பேச்சிமுத்து அவள் கையைப் பிடித்தான்.
"ஏட்டி, பிரிக்காத!
பிரிச்சா எண்ண மாட்டாங்க, டீச்சர்."

அவன் வீட்டில் ஜிப்பு கட்டுகிறார்கள்.
பத்து ஜிப்பு ஒரு கட்டு. கட்டுக்குத்தான் காசு.
ஒன்பது ஜிப்பு என்றால்
நாளைக்கு என்று பொருள்.

அவனே வழியும் சொன்னான்:
"கட்டு கட்டாவே இருக்கட்டும்.
இன்னைக்கு ஒருத்தர் வச்சுக்கட்டும், நாளைக்கு அடுத்தவங்க.
ஃபேன் பக்கத்துல நாங்க அப்படித்தான் படுக்கோம்."

வகுத்தலில் நாளைக்கு கிடையாதுடா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஏன் கிடையாது என்று கேட்டால்?

அதற்குள் டப்.
ஹசீனா ரப்பரை உருவித் தலைமுடியில் போட்டுக்கொண்டாள்.
பத்தும் தரையில், மூன்றோடு கலந்து,
எது கட்டில் இருந்தது, எது உதிரி
இனி யாராலும் சொல்ல முடியாது.
இசக்கிதேவி சீட்டுப் போடும் வேகத்தில் பங்கு போட்டாள்.
"ஆளுக்குப் பதிமூணு!" ஜெபஸ்டின் கத்தினான்.

மிச்சம்?
இல்லை என்றார்கள். இருக்க வேண்டும் என்றேன்.
பெஞ்சுக்கு அடியில், பைக்குள், என் புடவை மடிப்பில்கூடத் தேடி
கடைசியில் பேச்சிமுத்துவின் முழங்காலுக்கு அடியில் கிடைத்தது.
அழுத்திக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.
கவனித்தும் இருக்கலாம்.

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள்.
அவன் ஹசீனாவைத் துரத்தி
ரப்பரை வாங்கி வந்து உட்கார்ந்தான்.
இரண்டு முறுக்கு, தரையில் ஒரு தட்டு, தலைகள் சமம்.
ஐந்து கட்டு, உதிரி மூன்று.
என் மேசையில் அடுக்கிவிட்டு
நகராமல் நின்றான்.

"என்னடா?"

"நோட்டுல ஏத்துங்க, டீச்சர்."