பதினான்கு புள்ளி ஒன்று

அடையாறு பாலத்தின் நடுவில்
வைப்பருக்குக் கை கனத்தது.
ஒருமுறை துடைக்கும், யோசிக்கும்,
மழை போனால் போகிறதென்று இன்னொருமுறை.
முன்விளக்கு இரண்டும் பழுத்து
எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்தபோதே
எனக்குத் தெரிந்துவிட்டது.
ஹாரனை அழுத்தினேன்.
தொண்டை கட்டியவன்போல ஏதோ சொன்னது என் ஹெரால்டு.
பின்னால் இருபத்தொன்பது சி.
அதன் ஹாரனுக்கு ஒரு குறையும் இல்லை.

பேட்டரிதான் என்றார்கள்.
எல்லாரும் முதலில் பேட்டரியைத்தான் சொல்வார்கள்.
ஐயாயிரத்து நானூறு.
மூன்றாம் நாள் அதுவும் செத்துக் கிடந்தது,
மேலுறைகூட முழுதாய்க் கிழிக்கப்படாமல்.

பிரிசில்லா ஒன்றும் சொல்லவில்லை.
பில்லை மடித்து
பிரிட்ஜின் மேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன்.
பெரம்பூரில் எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரம்
திறந்த பானெட்டுக்குள் பூவைக் கொட்டிக்கொண்டே இருந்தது.
பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்:
அரை அங்குலம் இறங்கியது, சரி.
எர்த் பட்டையில் பச்சை பூத்திருந்தது;
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்,
செம்பு வெட்கப்பட்ட மாதிரி வெளியே வந்தது.
மீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
எதிர்வீட்டு டெரன்ஸை ஏற்றி
ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன்.
மிதித்தான். மாடிகள் எல்லாம் எட்டிப் பார்த்தன.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.

செவ்வாய், அரை நாள் லீவு.
ஆல்டர்னேட்டரைக் கோணிப்பையில் சுற்றி
புதுப்பேட்டைக்குக் கொண்டுபோனேன்.
டைனமோ இருந்த இடத்தில் இதை மாட்டியவர்
எனக்கு முன் வண்டியை வைத்திருந்த ஆடிட்டர்;
ஏதோ மாருதியிலிருந்து கழற்றியது.
கஜபதி பெஞ்சில் பூட்டிச் சுற்றினார்.
ஊசி துள்ளிப் பதினாலைத் தாண்டியது.
"இதுக்கு ஒரு நோவும் இல்ல சார்,
கூட்டிட்டுப் போங்க."
கூட்டிவந்து மாட்டினேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.

இரவு எட்டு மணிக்குப் போன் செய்தேன்.
"சாவி போட்டா செவப்பு லைட்டு எரியுதா?"
"இல்ல. அது எரிஞ்சே ரொம்ப நாளாச்சு.
சார்ஜ் ஆகலன்னாத்தானே எரியும்?
எரியலியே, எல்லாம் சரியா இருக்குன்னு..."
மறுமுனையில் அவர் சிரிக்கவில்லை.
டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் குண்டுமணி பல்பு
சேதி சொல்ல மட்டும் வைத்ததில்லையாம்.
அதன் இழை வழியாகத்தான்
முதல் மடக்கு மின்சாரம் உள்ளே போகும்.
அதைக் குடித்தால்தான் சுருள் கண் விழிக்கும்.
பல்பு செத்துவிட்டால்
வெறுமனே சுற்றும். நன்றாகவே சுற்றும்.
பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கு
ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட கடையில் குனிந்து வாங்கினேன்.
பதினைந்து ரூபாய்.
ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் கையை விட்டு
புறங்கைத் தோல் உரிய உரிய மாட்டினேன்.
சாவியைத் திருப்பினேன்.
எரிந்தது.
உடனே ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை.
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
அதன் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
என் சட்டை, ஸ்டியரிங், ஏசுபடம் எல்லாம்
கொஞ்சம் சிவந்திருந்தன.

பிறகு ஸ்டார்ட் செய்தேன்.
அணைந்தது.
எரிந்து அணைவது வேறு.
மீட்டரைப் பார்க்காமலே சொல்லியிருப்பேன்,
ஆனாலும் பார்த்தேன்.
பதினான்கு புள்ளி ஒன்று.

கிரீஸ் கையோடு படியேறியபோது மணி பத்தேகால்.
பிரிட்ஜின் மேல் பில் அப்படியே இருந்தது.
"இதப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலியே" என்றேன்.
பிரிசில்லா டிவியை நிறுத்தினாள்.
பேட்டரியிலிருந்து தொடங்கவில்லை.
போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய கிறிஸ்துமஸ்,
பல்லாவரம் சிக்னல்,
புடவையோடு வண்டி தள்ளிய அவள் அக்கா,
அங்கிருந்து தொடங்கினாள்.

கை கழுவக்கூடப் போகாமல்
வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.