ஐம்பத்திரண்டு

தோர்ஷாவ்னில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ரன்வாவின் கணினியில்
ஒரே பிரவுசர் பதினொரு தடவை குடியிருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தனிச் சாவி.
ஒருமுறை மறதியில்
புதியது தொட்ட கோப்பைப் பழையதிடம் நீட்டினாள்.
எச்சில் தட்டைப் பார்த்ததுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டது அது.

காலையில் வாவுரிலிருந்து ஹால்டோரின் போன்:
"மீன் ஏலத்துல விலை தெரியுது.
வாங்குற பொத்தானைக் காணோம்.
இன்னும் இருபது நிமிஷம்தான்."
"என்ன வெர்ஷன்?"
"நீலமா இருக்கு."

ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள்.
ஐம்பத்திரண்டில் மட்டும்
விலைக்குப் பின்னால் பதுங்கியிருந்தது பொத்தான்,
கடன் கொடுத்தவனைக் கண்ட மாதிரி.

ஒரு வரி திருத்தினாள்.
இங்கே வெளியே வந்தது;
எழுபத்தெட்டில் விலைப்பட்டியல் சரிந்து
காட் மீனின் எடை ஹாலிபட்டின் தலையில் ஏறியது.
இன்னொரு வரி.
நூற்றுப் பதினைந்து முனகியது.
இன்னுமொரு வரி.

மூன்று நிமிஷம் மிச்சமிருக்க
ஆறு டன் அவனுக்கு விழுந்தது.

"அப்டேட் பண்ணிடுங்களேன்" என்றாள்.
எதிர்முனையில் காற்று.
"பாஸ்வேர்டெல்லாம் மார்யுன் போட்டது.
உள்ளே எங்கேயோ இருக்கு, தானா நிரப்பிக்கும்.
என்னன்னு எனக்குத் தெரியாது.
கேட்கிற மாதிரியும் இல்லை இப்போ."

சரி என்றாள். வேறென்ன சொல்ல.

பழைய வெர்ஷன்களை இந்த வாரமே நீக்கிவிடு,
இடம் வீண் என்று
மேலாளர் அனுப்பியிருந்த மெயிலைத் திறந்தாள்.
முழுதாகப் படித்தாள்.
படிக்காததாகக் குறித்து
மூடினாள்.