வினை வரும்வரை

போரா காற்று அடிக்கும் நாட்களில்
ட்ரியெஸ்தேயில் இரவு வகுப்புக்கு ஆள் குறைவு.
நேற்று மூவர்தான்: நான்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தூலியோ,
மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்காரும் பல் மருத்துவர் ஒருத்தி.

பகலில் நான் நீதிமன்றத் தட்டச்சர்.
சாட்சி சொன்னதைச் சொன்னபடி அடிக்கிறேன்.
இருமலை அடிப்பதில்லை.
பதினாறு வருடமாக
வழக்கில் யார் வென்றாரென்று பெரும்பாலும் தெரியாமலே
பத்தாம் எண் பஸ்ஸில் வீடு திரும்புகிறேன்.

இரவில் லத்தீன்.
ரோமக் குடியரசு சாகக் கிடந்த காலத்து வழக்குரை ஒன்று.
ஒரே வாக்கியம் பதினான்கு வரி:
எழுவாய் முதல் வரியிலேயே வந்து
மன்றத்து வெயிலில் நின்றுகொண்டிருக்க,
இன்னாருடைய மகனென்றும்
இன்ன போரில் புண்பட்டவனென்றும்
தெய்வங்களே அறியுமென்றும் அடுக்க அடுக்க,
கூட்டம் முண்டியடித்துக் காது நீட்ட,
நிழல் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர,
இன்னும் வராமல்,
இன்னும் வராமல்,
கடைசியில்
விழுகிறது வினைச்சொல்.

"பெட்டி இறக்குவது மாதிரிதான்" என்றான் தூலியோ.
"ஆட விடணும். ஆட்டம் நின்ற பிறகு இறக்கணும்."

வாக்கியம் முடியுமிடத்தில் அசை எண்ணப் பழகினோம்.
நெடில் குறில் நெடில், பிறகு இரண்டு நெடில்.
மேசையில் விரலால் தட்டினோம்.
பல் மருத்துவருக்கு எப்போதும்
ஒரு குறில் மிஞ்சியது.

அந்த உரையில் ஒரு விதவை வருகிறாள்.
கொடுத்த கடனைக் கேட்டவள்,
அதற்காகச் சாட்சிக் கூண்டு வரை வந்தவள்.
"இந்த அம்மாளின் தோட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை;
அங்கே விடியும்வரை எரிந்த விளக்குகளைப் பற்றியும்,
கரையில் கட்டியிருந்த படகு யாருடையது என்பதைப் பற்றியும்
வாயே திறக்கமாட்டேன்" என்கிறார்
வக்கீல், வாய் நிறைய.

நாங்கள் சிரித்தோம்.
இரண்டாயிரம் வருடம் தாமதம்தான்,
ஆனால் அவர் சிரிக்கச் சொன்ன இடத்தில்.

சிரித்து முடித்து
அவள் பதிலுக்காகப் பக்கத்தைத் திருப்பினேன்.
அருஞ்சொற்பொருள் தொடங்கியிருந்தது.

வீட்டுப்பாடமாக யாரும் தரவில்லை,
நானாகத்தான் உட்கார்ந்தேன்.
அம்மாவோடு ஸ்லோவீன், வேலையில் இத்தாலியன்,
இந்த மூன்றாவது மொழியில் அவளுக்காக ஆறு வரி.
ஜன்னல் சட்டம் தடதடத்துக்கொண்டிருந்தது.

முதல் வரி:
"இந்தக் கனவான் வாங்கிய லஞ்சத்தைப் பற்றி
நான் பேசப்போவதில்லை."
கோடு போட்டு அடித்தேன்.
இரண்டாம் வரி முடிவில்
நெடில் குறில் நெடில், நெடில் நெடில்,
அச்சு அசலாக.
அதையும் அடித்தேன்.

அவளுக்கென்று திறந்த வாயில் அவருடைய நாக்கு.
எனக்குத் தெரிந்த லத்தீன் அத்தனையும் அவர் போட்டது.
அவரை ஏசக்கூட
அவரிடமே சொல் கடன் வாங்க வேண்டியிருக்கிறது,
கடனைத் திருப்பிக் கேட்டவளுக்காக!

இரண்டு மணிக்கு மிஞ்சியவை மூன்று சொற்கள்.
கொடுத்தேன்.
திருப்பித் தரவில்லை.
பழக்கதோஷம், விரலால் தட்டிப் பார்த்தேன்.
தளை தட்டியது.
அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று காலை மூன்றாம் எண் அறையில்
மீன் கடைப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள்.
உறைபனிப் பெட்டி வாங்கிய பணம் யாருடையது என்று
எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்,
இன்னொரு முறை கேட்டார், புன்னகையோடு.
அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள்.

இப்படி நேர்ந்தால் அடிக்க வேண்டியது எங்களுக்குத் தெரியும்:
பதில் இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

கைகள் விசைகளின் மேலேயே இருந்தன.
நீளமான வாக்கியமாக இருக்கலாம்.
"எழுதிக்கொள்ளுங்கள், சிஞ்ஞோரா கோசிச்" என்றார் நீதிபதி.
வெளியே காற்று
யாருடைய குடையையோ படிக்கட்டில் இழுத்துக்கொண்டுபோனது.
அவள் உதடு லேசாகப் பிரிந்தது.